துவக்கு: உரிமையா, அனுமதியா?



படுவான்கரையில் வெள்ளாமை குடலைப் பருவத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. இரவிரவாகக் காவற் பரணில் கண்விழித்து, யானை வெடி கொளுத்தி, தகரம் தட்டி, தொண்டை வற்றக் கூவிய பின்னரும், விடியும்போது வட்டையின் ஒரு பகுதி மிதிபட்டுக் கிடக்கிறது. அப்போது கமக்காரர் கேட்கிறார்: "எங்களுக்கு ஒரு துவக்குத் தந்தால் என்ன?" எழுவான்கரையில் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. இரவில் கடையைப் பூட்டி, அன்றைய பணத்தோடு வீடு திரும்பும் வியாபாரி, "என்னைக் காத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?" என்கிறார்.

இதற்கு எதிரான குரலும் நம்மிடையே உண்டு. "இந்த மண்ணில் துவக்குச் சத்தம் கேட்டது போதும், இனி எவர் கையிலும் அது வேண்டாம்" என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொல்கிறாள். இந்த மூவரும் ஞாயிறு திருப்பலியில் ஒரே கோவிலில் அருகருகே முழந்தாளிடுகிறவர்கள். மூவரில் எவரையும் அறிவில்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆகவே துவக்கு வைத்திருப்பது ஒருவரின் உரிமையா, அல்லது சமுதாயம் சில காரணங்களுக்காக அளிக்கும் அனுமதியா என்பதை இவ்வாரப் பாடத்தில் நிதானமாக ஆராய்வோம்.

சட்டம் சொல்வது

நமது நாட்டில் துவக்குகளை ஆளும் சட்டம் மிகப் பழையது. அது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பின்னர் பலமுறை திருத்தப்பட்டபோதிலும் அதன் அடிப்படை மாறவில்லை: அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் துவக்கு வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது. அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு என்றால் மாவட்டச் செயலகத்தையும், தன் உயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சையும் நாட வேண்டும். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதியின்றித் தானியங்கித் துவக்கு வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க அது இடமளித்தது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. சிந்தனைச் சுதந்திரம், மதச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாமை, சட்டத்தின் முன் சமத்துவம் ஆகியன அங்கே உள்ளன. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அங்கு இல்லை. எனவே நம் நாட்டுச் சட்டப்படி இது அனுமதியே, உரிமை அன்று. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் அரசுக்கு முடியும். 2024ஆம் ஆண்டு இறுதியில் அதுவே நடந்தது. தனிப்பட்ட பாதுகாப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டிருந்த துவக்குகளை, மீளாய்வுக்காக, நவம்பர் 7ஆம் திகதிக்குமுன் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்தது.

பிற நாடுகளின் வழி

எல்லா நாடுகளும் இவ்வாறு சிந்திப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில், 1791இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம், ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்று கூறுகிறது. அது ஊர்ப்படைக்கு உரியதா, தனிமனிதனுக்கு உரியதா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 2008இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. இன்று அங்கே மக்கள் தொகையைவிடத் துவக்குகளின் தொகை அதிகம் எனக் கணக்கிடுகிறார்கள்.

அவுஸ்திரேலியா வேறு பாதையில் சென்றது. 1996 ஏப்ரல் 28இல் தஸ்மேனியாவின் போட் ஆதர் என்னும் இடத்தில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு வாரங்களுக்குள் அந்நாட்டு அரசுகள் கூடி, விரைவாகச் சுடும் துவக்குகளைத் தடைசெய்ய உடன்பட்டன. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகள் மக்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கி அழிக்கப்பட்டன. ஆயினும் கமக்காரரின் துவக்கு முற்றாகப் பறிக்கப்படவில்லை. தொழிலுக்குத் தேவை என்று காட்டுபவர் அனுமதி பெறலாம். "என் பாதுகாப்புக்கு" என்பது மட்டும் போதிய காரணமாக ஏற்கப்படவில்லை. வயலுக்கான தேவையையும் அச்சத்தால் எழும் தேவையையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்குகிறது. குடகு நாட்டுக் கொடவருக்கு மட்டும் பிரித்தானியர் காலம் முதல் அதில் ஒரு விலக்கு உண்டு. அதுவும் அரசு காலத்துக்குக் காலம் நீடித்துவரும் விலக்கே.

கமக்காரரின் நியாயம்

கமக்காரரின் கோரிக்கையை நாம் இலேசாக எடைபோடக் கூடாது. முன்பெல்லாம் போடியார் வீட்டில் ஒரு துவக்கு இருப்பது வழமை. பன்றியையும் குரங்கையும் விரட்ட அது உதவியது. இன்று கடன்பட்டு விதைத்தவருக்கு ஒரு போகம் அழிந்தால் அடுத்த போகத்துக்கு விதைநெல் இல்லை. பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். உயிரும் போகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 120 பேரளவில் யானைகளால் உயிரிழந்தனர். 400 அளவில் யானைகளும் மடிந்தன. வெல்லாவெளி, உன்னிச்சை, கிரான் பகுதி மக்களுக்கு இது பத்திரிகைச் செய்தி அல்ல, அயல்வீட்டுத் துக்கம்.

ஆயினும் யானைக்கு எதிராகத் துவக்கு என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். யானையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அதுமட்டுமன்று. சாதாரண வேட்டைத் துவக்கின் சன்னங்கள் யானையை உடனே வீழ்த்துவதில்லை. தோலுக்குள் தங்கிச் சீழ்பிடிக்கின்றன. நோவெடுத்த யானை மனிதனைக் கண்டதும் ஓடுவதை விட்டு எதிர்த்து வருகிறது. சுட்டவரின் வயலில் பட்ட காயத்துக்கு, அடுத்த ஊரில் விறகு பொறுக்கப் போனவர் விலை கொடுக்கிறார்.

பன்றிக்கென வழியில் கட்டிவைக்கப்படும் துவக்கு இன்னும் கொடியது. குறுக்கே இழுத்துக் கட்டிய கயிற்றில் எது தட்டினாலும் அது வெடிக்கும். வருவது பன்றியா, மாடு தேடி வந்த சிறுவனா என்று அது பார்ப்பதில்லை. தாழக் குறிவைத்துக் கட்டப்படுவதால், அகப்பட்டவர் தப்பினாலும் காலை இழக்கிறார். பயிரைக் காக்கும் நோக்கம் நல்லதாயிருக்கலாம். பார்வையற்ற ஒரு பொறியை வழியில் வைத்துவிட்டு வீட்டில் உறங்குவதை எந்த நோக்கமும் நியாயப்படுத்தாது.

அப்படியானால் கமக்காரர் என்ன செய்வது? யானை பற்றி ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று 2020இல் ஒரு தேசியத் திட்டத்தை முன்வைத்தது. காட்டின் நடுவே வேலி போடுவதைவிட, கிராமத்தைச் சுற்றியும், போகக் காலத்தில் வயலைச் சுற்றியும் மின்வேலி அமைத்து, அதை ஊரவரே பராமரிப்பது பயன்தரும் என்பது அதன் சாரம். கமக்காரர் அமைப்புகள் துவக்குக் கேட்டு எழுதும் மனுவோடு இதையும் கேட்டு எழுதலாம். வேலிக்குக் காசு ஒதுக்காமல், நட்டஈட்டையும் இழுத்தடித்துவிட்டு, "துவக்கும் தரமாட்டோம்" என்று சொல்லும் அரசு தன் கடமையைப் பாதிதான் செய்கிறது.

நமது மண் கற்ற பாடம்

இனி, தற்காப்புக்காகத் துவக்கு என்ற வாதத்துக்கு வருவோம். "நல்லவன் துவக்கை ஒப்படைத்தால், கெட்டவன் கையில் மட்டுமே துவக்கு இருக்கும்" என்று சிலர் கூறுகிறார்கள். ஆயுதமற்ற மக்கள் எவ்வளவு ஆதரவற்றவர்கள் என்பதை மட்டக்களப்பாருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில், அயற்கிராமங்களிலிருந்து இராணுவத்தினர் கூட்டிச்சென்ற நூற்றெண்பதுக்கு மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகள் திரும்பி வரவில்லை. இவர்கள் வீட்டில் ஆளுக்கொரு வேட்டைத் துவக்கு இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா? ஒரு வெடி வைத்தபின் மீண்டும் தோட்டா போட வேண்டிய துவக்கு, தானியங்கித் துவக்குகளோடு வந்தவர்களைத் தடுத்திருக்கும் என்று நம்புவது கடினம்.

மேலும், கிராமத்தைக் காக்கவென்று துவக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவமும் இந்நாட்டுக்கு உண்டு. 1980களின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவற் படை அமைக்கப்பட்டு, ஊரவர்க்கே துவக்குகள் வழங்கப்பட்டன. அச்சத்தில் வாழ்ந்த அம்மக்களுக்கு அது தேவையாகவே தோன்றியது. ஆனால் 1992 ஏப்ரல் 29இல் நடந்ததைப் பாருங்கள். நமது மாவட்ட எல்லைக்கு அப்பால், பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்தைப் புலிகள் தாக்கி ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அதற்குப் பழியாக, அதே நாளில், முத்துக்கல், கரப்பொல என்ற தமிழ்க் கிராமங்கள் தாக்கப்பட்டன. அங்கும் ஏறத்தாழ அதே தொகையினர் மாண்டனர். தாக்கியவர்களிடையே ஊர்காவற் படையினரும் இருந்தனர். தம் ஊரைக் காக்கப் பெற்ற துவக்கு, அயலூரானின் வீட்டு வாசலில் வெடித்தது. காப்பதற்கென்று ஒருவர் கையில் கொடுக்கும் துவக்கைக் கோபம் எந்தத் திசைக்குத் திருப்பும் என்று கொடுத்தவரால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. துவக்கு எப்போதும் அதை வாங்கியவரிடமே இருப்பதில்லை. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி இரவு மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது, அவர்கள் கையில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை வேட்டைத் துவக்குகளும் கைக்குண்டுகளுமே. 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சியின்போது தென்னிலங்கையில் வீடு வீடாகச் சென்று அனுமதிபெற்ற துவக்குகளை எடுத்துச் சென்றார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இயக்கங்கள் அவ்வாறே தனியார் துவக்குகளைத் திரட்டியதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். பன்றி விரட்ட வாங்கிய துவக்கு, வீட்டுக்காரரைக் கேளாமலே போருக்குப் போயிற்று.

நமது திருச்சபைக் குடும்பமும் இதன் கசப்பை ருசித்திருக்கிறது. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராகத் துணிந்து பணியாற்றிய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் இணைப்பேராலயத்துக்குள், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். படையினரின் காவல் நிறைந்த நகரம் அது. சுற்றிலும் இருந்த எத்தனையோ துவக்குகளால் அந்த ஓர் உயிரைக் காக்க முடியவில்லை. இவ்வழக்கின் சந்தேகநபர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர், எவரும் தண்டிக்கப்படவில்லை.

போர் 2009இல் முடிந்தது, துவக்கு ஓயவில்லை. 2025 பெப்ரவரி 19இல், கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர், சட்டப் புத்தகத்தின் உள்ளே குடைந்து மறைத்த துவக்கால் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். போர் விட்டுச்சென்ற ஆயுதங்களும், அவற்றைக் கையாளப் பழகிய கைகளும் பாதாள உலகத்துக்குப் பயன்படுகின்றன. தனியார் வீடுகளில் மேலும் துவக்குகளைச் சேர்ப்பதால் இது குறையுமா, கூடுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"கொல்வது மனிதன், துவக்கல்ல"

இப்படியும் ஒரு வாதம் உண்டு: "தீயவன் துவக்கு இல்லாவிட்டால் கத்தியெடுப்பான், கருவியைத் தடுத்து என்ன பயன்?" பாவம் மனித இதயத்திலிருந்தே பிறக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருவி எளிதில் கைக்கு எட்டுவதும் எட்டாததும் உயிர்களின் கணக்கில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு நமது நாடே உலகுக்குச் சான்று.

1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. இலட்சத்துக்கு 47 பேர் என்ற அளவில் மடிந்தார்கள். பெரும்பாலோர் அருந்தியது வீட்டில் கிடந்த பயிர் மருந்தையே. அவ்வாண்டு முதல் அரசு மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. மனிதரின் துயரம் தீரவில்லை. வறுமையும் மதுவும் குடும்பச் சண்டையும் அப்படியே இருந்தன. ஆயினும் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஏன்? ஒரு கணத்து வெறியில் எடுத்த பொருள் முன்போல் கொல்லவில்லை. அந்தக் கணம் கடந்தது. அயலவர் ஓடிவந்தனர். வைத்தியசாலை காப்பாற்றியது. அவ்வாறு தப்பியோர் இன்று பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள்.

துவக்குக்கும் இதே நியாயம் பொருந்தும். அமெரிக்காவில் துவக்கால் மாள்பவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிறரால் கொல்லப்பட்டவர்கள் அல்லர். தம்மைத் தாமே மாய்த்தவர்கள். திருடனுக்கென்று வாங்கிவைத்த துவக்கு, அதிகமாக வீட்டுக்காரரையே தேடி வருகிறது. சாராயம் புகுந்த வீடுகளில், கணவன் மனைவி சண்டை மூண்ட வேளைகளில், சுவரில் ஒரு துவக்குத் தொங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பங்குகளில் பணியாற்றும் எந்தக் குருவும் எண்ணிப் பார்க்கக் கூடும்.

திருச்சபையின் போதனை

தற்காப்பைத் திருச்சபை தடைசெய்கிறதா? இல்லை. தன் உயிரைக் காக்கும் ஒருவர், அளவுக்கு மிஞ்சாத வலிமையைப் பயன்படுத்தும்போது, அதன் விளைவாகத் தாக்கியவன் இறந்தாலும் அவர் கொலைஞர் ஆகார் என்பது புனித தோமஸ் அக்குவைனாஸ் காலந்தொட்டு வரும் போதனை. பிறரைக் காக்கும் பொறுப்பு உள்ளவருக்கு அது கடமையாகவும் ஆகலாம். அதே வேளையில், ஆயுத உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துவது அரசின் உரிமையும் கடமையும் என்று 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆக, உயிரைக் காப்பது உரிமை. துவக்கு அதற்கான ஒரு கருவி. அக்கருவியைப் பொதுநன்மை கருதி அரசு கட்டுப்படுத்தலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பல வாதங்களின் தவறு.

லூக்காஸ் நற்செய்தி 22ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, "மேலாடையை விற்றாவது வாள் வாங்கச் சொன்னவர் ஆண்டவர்தாமே" என்போரும் உளர். தொடர்ந்து வாசியுங்கள். சீடர்களிடம் இருந்தவை இரண்டே வாள்கள். பன்னிருவரைக் காக்க இரண்டு வாள்கள் எப்படிப் போதும்? ஆயினும் ஆண்டவர் அத்தோடு பேச்சை முடித்துவிட்டார். அன்றிரவே அவற்றுள் ஒன்று உருவப்பட்டது. அது யூதாசின் மேலோ, தலைமைக் குருவின் மேலோ விழவில்லை. ஏவியதைச் செய்ய வந்த ஒரு வேலைக்காரனின் காதில் விழுந்தது. ஆண்டவர் வாளை உறையில் இடச் செய்து, அந்தக் காதையும் குணமாக்கினார். ஆயுதம் எடுத்த சீடனுக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை.

குடும்பங்கள் செய்யவேண்டியவை

1. அனுமதிபெற்ற துவக்கு உள்ளவர்கள் உரிய காலத்தில் பத்திரத்தைப் புதுப்பியுங்கள். துவக்கைப் பூட்டி வையுங்கள். தோட்டாவை வேறிடத்தில் வையுங்கள். மது அருந்தியவர் கையில் அது ஒருபோதும் போகக் கூடாது.

2. அனுமதி ஒருவரின் பெயருக்கே உரியது. தந்தை இறந்தால் காணியைப் போலத் துவக்கு மகனுக்கு இறங்குவதில்லை. உடனே பொலிசுக்கு அறிவித்து, தேவையானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

3. வழியில் துவக்குக் கட்டுவதையும், வெடி வைத்த இரையைப் போடுவதையும் அடியோடு விடுங்கள்; அயலார் செய்தாலும் கண்டியுங்கள்.

4. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய ஆயுதமோ குண்டோ அகப்பட்டால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு 119 என்ற இலக்கத்தில் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

5. அச்சத்தால் எதையேனும் மறைத்து வைத்திருப்பவர் நல்லதொரு சட்டத்தரணியிடம் ஆலோசனை பெறட்டும். 2020 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டதைப் போன்ற பொதுமன்னிப்புக் காலம் வரும்போது அதைத் தவறவிட வேண்டாம்.

6. நத்தாருக்கும் திருநாட்களுக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துவக்கு வாங்கிக் கொடுக்குமுன் ஒருகணம் யோசியுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையைக் குறிபார்ப்பது விளையாட்டு என்று அவர்கள் பழக வேண்டாம்.

இவற்றோடு அரசிடம் கேட்கவேண்டியதையும் கேட்போம்: வயலுக்கு வேலி, இழப்புக்குத் தாமதமில்லா நட்டஈடு, இரவில் அழைத்தால் வரும் பொலிஸ், கொலைக்கு நீதி. மக்கள் தாமே துவக்கைத் தேடுவது பெரும்பாலும் இவை கிடைக்காத இடத்திலேதான்.

வீட்டில் கலந்துரையாட

அ. நம் ஊரில் துவக்குக் கேட்பவர்களின் தேவை வயலைப் பற்றியதா, அச்சத்தைப் பற்றியதா? அச்சமானால், யாரைப் பற்றிய அச்சம்?

ஆ. அந்த அச்சத்துக்குரியவர்களோடு நம் குடும்பம் கடைசியாக எப்போது பேசியது?

இ. நம் பங்கில் யானையால் பயிரோ உயிரோ இழந்த குடும்பம் எது? இந்தப் போகத்தில் அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?